அமெரிக்க தேசிய வங்கி நோட்டுகள்

அமெரிக்க ஒன்றிய அரசிடம் பட்டயம் பெற்ற தனியார் வங்கிகள் 1863 முதல் 1935 வரை தத்தம் பெயரில் வெளியிட்ட பணத்தாள்கள் இவை. உள்நாட்டுப் போருக்கு நடுவே வந்த 1863ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைத் தொடங்கி வைத்தது. அரசுக் கடன் பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடாக வைத்தால், அதற்கேற்ப வங்கிக்கு நோட்டு கிடைக்கும். வங்கி நொடித்துப் போனாலும் நோட்டு செல்லும். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் இப்படி நோட்டு வெளியிட்டன. அவற்றில் பல, பெயர் தெரியாத சிற்றூர்களில் இருந்தவை.

1929க்கு முந்திய நோட்டுகள் இன்றைய டாலரைவிடப் பெரியவை. இவற்றை இனங்காண, அளவுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது வங்கியின் பட்டய எண். 1874ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை அச்சிடச் சொன்னது. அதற்கு முந்திய பெரும்பாலானவற்றில் அது இராது. 1882 வரிசையின் பழுப்பு முதுகு நோட்டைத் திருப்பினால், அந்த எண் நடுவே நீலம் கலந்த பச்சையில் பெரிதாக நிற்கும். 1929 வரிசையில் முத்திரை பழுப்பு. பட்டய எண் கறுப்பில் மட்டும் இருந்தால் முதல் வகை. வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் பழுப்பிலும் இருந்தால் இரண்டாம் வகை. புதிய சேகரிப்பாளர்கள் ஏமாறுவதும் இங்கேதான். 1933 வங்கி நெருக்கடியில் வெளியான பெடரல் ரிசர்வ் வங்கி நோட்டுகளிலும் அதே 1929, அதே பழுப்பு முத்திரை, 'தேசியப் பணம்' என்ற அதே தலைப்பு உண்டு. பட்டய எண்தான் இராது.

நோட்டிலுள்ள ஆண்டை அச்சான ஆண்டாகக் கொள்ளக் கூடாது. 1902 வரிசை 1920களிலும் அச்சானது.

சேகரிப்பாளர்களிடையே விலையை முடிவு செய்வது நோட்டின் வயதோ முகமதிப்போ அல்ல. எந்த ஊர், எந்த வங்கி என்பதே. நியூயார்க்கின் பெரிய வங்கி ஒன்றின் 1902 வரிசை 10 டாலர் நோட்டு எளிதில் கிடைக்கும். சில ஆண்டுகளே நடந்த சிற்றூர் வங்கியின் அதே 10 டாலர், எஞ்சியது ஓரிரண்டே என்றால், பல மடங்கு விலை போகும். மாநிலமாகும் முன் டகோட்டா, அரிசோனா போன்ற ஆட்சிப்பகுதிகளில் வெளியானவற்றுக்கும், '2' படுத்துக் கிடக்கும் தொடக்ககால இரண்டு டாலருக்கும், வரிசை எண் 1 உள்ளவற்றுக்கும் தனி மவுசு. வங்கித் தலைவரும் காசாளரும் பேனாவால் இட்ட கையெழுத்து மங்காதிருந்தால் கூடுதல் மதிப்பு.

கழுவியது, இஸ்திரி போட்டது, கிழிசலை ஒட்டியது எல்லாம் விலையைக் குறைக்கும். ஆனால் அந்த வங்கியின் வேறு நோட்டே கிடைக்காதபோது, கந்தலையும் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவதில்லை.