கூரை ஒழுகினால் யாருக்குக் கோல் எடுக்கிறது? பிரித்தானியக் கவுன்சில் வீடுகளின் ஒரு சிறு வரலாறு

லண்டனில் இருக்கிற எங்கட சித்தியோடு வட்ஸ்அப்பில் கதைத்தால் கடைசியில் கதை அவவின் குளியலறை சீலிங்கில்தான் வந்து நிற்கும். மேல்வீட்டுக் குழாய் ஒழுகி, சீலிங் கறுத்து ஆறு மாதம். முதலில் ஒரு பெடியன் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான். பிறகு வந்தவர், தான் பெயின்ற் அடிக்கிற ஆள், குழாய் தன்ர வேலை இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனார். மூன்றாவதாக வந்தவர் வேறு கம்பனி. கவுன்சிலுக்குக் கோல் எடுத்தால் கம்பனியோடு கதைக்கச் சொல்லுகினம். கம்பனிக்கு எடுத்தால், கவுன்சில் அனுமதி தரவேணுமாம். "இருபது வருசமா வாடகை கட்டுறன், இந்த வீட்டுக்கு ஆர் பொறுப்பு எண்டு இன்னும் தெரியாது" என்கிறா சித்தி.

எங்கட சனம் புலம்பெயர்ந்த நாட்களில் இருந்து "கவுன்சில் வீடு" என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். கவுன்சில் வீடு கிடைத்துவிட்டது என்றால் ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஒரு நிம்மதி. ஆனால் அந்த வீடுகளைத் திருத்துகிற வேலை எப்படி கவுன்சிலின் கையை விட்டுப் போனது என்பதைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கதைப்பதில்லை. சித்தியின் கேள்விக்கு விடை அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

கவுன்சிலே மேசன் வைத்திருந்த காலம்

லண்டனின் பட்டர்சீ பகுதியில் லாட்ச்மியர் என்றொரு குடியிருப்பு 1903இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது தனியார் கொந்தராத்துக்காரர் இல்லை. உள்ளூராட்சிச் சபை தானே சம்பளம் கொடுத்து வைத்திருந்த தொழிலாளர்கள்தான் கட்டினார்கள். கொந்தராத்துக்காரர்கள் விலையைக் கூட்டி வேலையைக் குறைக்கிறார்கள், தொழிலாளருக்கு ஒழுங்கான கூலி கொடுப்பதில்லை என்ற கோபம் அன்றைய நகர அரசியலில் பலமாக இருந்தது. அதற்கு மாற்றாக வந்ததுதான் இந்த "நேரடித் தொழிலாளர்" முறை.

முதலாம் உலகப்போருக்குப் பிறகு, 1919ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தோடு கவுன்சில்கள் பெருமளவில் வீடு கட்டத் தொடங்கின. 1970களின் முடிவில் பிரித்தானியக் குடும்பங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று கவுன்சில் வீட்டில் வாழ்ந்தது. பல வீடுகளைத் தனியார் நிறுவனங்களே கட்டின என்றாலும், கட்டிய பிறகு குழாய், கூரை, கதவு பார்க்கிற வேலை பெரும்பாலும் கவுன்சிலின் சொந்த ஆட்களிடம் இருந்தது.

இதைப் பொற்காலம் எண்டு சொல்ல நான் வரவில்லை. அப்போதும் ஒரு குழாய் திருத்த மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். முன்கதவுக்கு விரும்பிய நிறம் அடிக்கக்கூட அனுமதி இல்லாத இடங்கள் இருந்தன. ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு செலவு எண்டு கேட்டால் கணக்குக் காட்டமுடியாத கவுன்சில்களும் இருந்தன. அந்தக் குறைகள் உண்மையானபடியால்தான் அடுத்து வந்த மாற்றத்தை விற்பது சுலபமாக இருந்தது.

1980: டெண்டர் கட்டாயம்

1979இல் மார்கரெட் தட்சர் ஆட்சிக்கு வந்தார். அடுத்த வருடமே இரண்டு சட்டங்கள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: குடியிருப்பாளர் தன் கவுன்சில் வீட்டைக் கழிவு விலையில் வாங்கும் உரிமை. மற்றது அவ்வளவு பேசப்படாத உள்ளூராட்சி, திட்டமிடல், காணிச் சட்டம். அதன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கட்டட, திருத்தவேலைகளைக் கவுன்சிலின் சொந்தத் தொழிலாளர்கள் செய்வதானால் முதலில் தனியாரோடு டெண்டரில் போட்டியிட்டு வெல்லவேண்டும். அந்தப் பிரிவுகள் தனிக் கணக்கு வைக்கவேண்டும், மூலதனத்துக்கு 5 சதவீத வருமானம் காட்டவேண்டும். காட்டாவிட்டால் மூடச் சொல்ல அமைச்சருக்கு அதிகாரம் இருந்தது. 1988இல் குப்பை அள்ளுதல், துப்புரவு, பாடசாலைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் இதே விதி வந்தது.

இதற்குச் சொன்ன நியாயம் ஒன்றுதான்: வரி கட்டுகிறவரின் காசுக்குப் பெறுமதி. 1983இல் தொடங்கிய கணக்காய்வு ஆணைக்குழுவும் சிக்கனம், வினைத்திறன், பயனுறுதி என்ற மூன்றையும் வைத்துக்கொண்டே கவுன்சில்களை அளந்தது.

சேமிப்பு வந்ததா? வந்தது. 1988 சட்டத்தின் கீழ் வந்த சேவைகளை ஆராய்ந்தவர்கள் சராசரியாக 6, 7 சதவீதம் அளவில் செலவு குறைந்ததைக் கண்டார்கள். அதில் ஒரு பங்கு, குறைந்த ஆட்களை வைத்து வேலை வாங்கியதால் வந்தது. பல டெண்டர்களைக் கவுன்சிலின் சொந்த ஆட்களே வென்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். போட்டி வந்ததால் முதல்முறையாகக் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டது. அது நல்ல விடயம்தான்.

யாருடைய காசு?

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விடயம் இடித்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, 1990 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்துக் கவுன்சில்களின் வீட்டுக் கணக்கு வேலி போட்டுத் தனியாக்கப்பட்டது. வாடகைக் காசு அந்தக் கணக்குக்குள் வரும், திருத்தவேலைச் செலவு அந்தக் கணக்கிலிருந்து போகும். உள்ளூர் வரிப்பணத்தை அதற்குள் கொட்டி நிரப்ப முடியாது. அதாவது குழாய் திருத்துகிற காசு அநேகமாகக் குடியிருப்பாளரின் வாடகைக் காசு. ஏழைகளின் வாடகையில் ஒரு பங்கை அரசாங்கம் உதவித்தொகையாகக் கொடுப்பது உண்மை. ஆனாலும் மாதாமாதம் வாடகை கட்டுகிறவர் இந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை. "வரி கட்டுகிறவர்" என்ற சொல் வந்து குந்தியவுடன், காசும் கொடுத்து ஒழுக்குக்குக் கீழேயும் இருக்கிற மனுசி சலுகை வாங்குகிற ஆளாக மாறிவிட்டா.

குடியிருப்பாளரைக் கணக்கில் எடுக்காவிட்டால், டெண்டரில் மிஞ்சுவது விலை மட்டும்தான். குறைந்த விலை சொன்னவர் வெல்லுவார். வென்றபிறகு அந்த விலையில் வேலை செய்ய முடியாது. அப்போது உப கொந்தராத்துக் கொடுப்பார், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேலதிக ஆணிக்கும் தனி பில் போடுவார். வேலையைப் பார்த்து இது சரி, இது பிழை எண்டு சொல்லக்கூடிய அனுபவசாலிகளைச் செலவு எண்டு கவுன்சில் முதலே அனுப்பியிருந்தால், பில்லைச் சரிபார்க்க ஆளும் இருக்காது.

டோனி பிளேயரின் ஆட்சி கட்டாய டெண்டரை 2000இல் நீக்கி, "மிகச்சிறந்த பெறுமதி" என்ற விதியைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் சுமார் 19 பில்லியன் பவுண் திருத்தவேலை தேங்கிக் கிடந்தது. அதைத் தீர்க்க 2010ஐ இலக்காக வைத்துப் பெரும் காசு ஒதுக்கப்பட்டது. பல இலட்சம் வீடுகளுக்குப் புதிய குசினியும் ஜன்னலும் கிடைத்தன. கூடவே அந்த வேலையைப் பெரிதும் நம்பி வளர்ந்த பெரிய கம்பனிகளும் உருவாகின. அவற்றில் ஒன்றான கொனோட் 2010 செப்டெம்பரில் விழுந்தது. சுமார் 1,400 பேர் உடனே வேலை இழந்தார்கள். அதே வருடம் நோர்விச் நகரசபையின் திருத்தவேலையை கொனோட் வென்றபோது, இந்த விலையில் இந்த வேலையைச் செய்யவே முடியாது எண்டு போட்டிக் கம்பனி ஒன்று வழக்குக்கே போயிருந்தது. சில மாதத்தில் நோர்விச் வேறு ஆள் தேடவேண்டி வந்தது.

கிரென்பெல்

2017 ஜூன் 14. மேற்கு லண்டனில் 24 மாடிக் கிரென்பெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்தக்காரர் கவுன்சில். நிர்வகித்தது தனியான ஒரு அமைப்பு. புதுப்பித்தது ஒரு பிரதான கொந்தராத்துக் கம்பனி, அதன்கீழ் உப கொந்தராத்துக்காரர்கள். வெளிச்சுவருக்கு முதலில் நினைத்த சிங்குத் தகட்டுக்குப் பதிலாக, உள்ளே பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகட்டைப் போட்டதால் சேமித்தது சுமார் 293,000 பவுண். குடியிருப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. பெரிய அழிவு வரப்போகிறது எண்டு 2016 நவம்பரிலேயே எழுதிவைத்தார்கள்.

2024 செப்டெம்பரில் வந்த விசாரணை அறிக்கை, அந்த இறப்புகள் எல்லாமே தவிர்த்திருக்கக் கூடியவை என்றது. தகட்டைத் தெரிவு செய்த ஒவ்வொருவரும் பாதுகாப்பு மற்றவரின் பொறுப்பு எண்டு நினைத்திருந்தார்கள் என்றும் சொன்னது. சித்தியின் சீலிங்கும் கிரென்பெல்லும் ஒன்றல்ல, ஒப்பிடவும் மனம் வராது. ஆனால் "அது என்ர வேலை இல்லை" என்ற அந்த வசனம் இரண்டிலும் இருக்கிறது.

2018இல், இதேமாதிரித் தகடு பொருத்திய சமூக வீட்டுக் கோபுரங்களில் இருந்து அதைக் கழற்ற அரசாங்கம் 400 மில்லியன் பவுண் அறிவித்தது. அது முழுக்க வரிப்பணம். 293,000 பவுண் சேமிப்பு என்று எழுதிய கணக்கில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை.

எங்களுக்கு என்ன?

2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கட நாட்டிலும் அரசாங்கம் செய்தால் நட்டம், தனியாருக்குக் கொடுத்தால் மிச்சம் என்ற கதையை விரிவுரை மண்டபத்திலும் கேட்கிறேன், பஸ்ஸிலும் கேட்கிறேன். நான் அதற்கு நேர் எதிரானதைச் சொல்லவில்லை. கவுன்சில் தானே செய்த காலத்திலும் சனம் காத்திருந்தது. 2014இல் லண்டனின் இஸ்லிங்டன் கவுன்சில் திருத்தவேலையைக் கம்பனியிடம் இருந்து திரும்ப எடுத்தது. திரும்ப எடுத்தவுடன் எல்லாக் கூரையும் ஒழுகாமல் நின்றுவிடும் என்று நினைக்கிறதும் பிழை.

ஆனால் "மிச்சம்" என்று யாராவது சொன்னால் நாங்கள் மூன்று கேள்வி கேட்கலாம். இந்தக் காசை உண்மையில் கட்டுகிறது யார்? வேலை சரியோ எண்டு பார்க்கத் தெரிந்த ஆள் அரசாங்கப் பக்கத்தில் மிஞ்சியிருக்கிறாரா? கம்பனி விழுந்தால் அடுத்தநாள் காலமை கோல் எடுக்கிறது யாருக்கு?

போன கிழமையும் சித்தியோடு கதைத்தேன். நான்காவதாக ஒரு ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.