பூநாரைகளின் இணைதேடல் நடனம்

இனப்பெருக்கத்துக்குச் சில மாதங்கள் முன்பே பூநாரைகள் கூட்டமாகத் திரண்டு நிகழ்த்தும் அசைவுகளின் தொடர், இணைதேடல் நடனம் எனப்படும். ஆறு பூநாரை இனங்களிலும் இது உண்டு; மிக விரிவாக ஆராயப்பட்டது பெரும் பூநாரையின் நடனமே. கழுத்தை நெட்டுக்குத்தாக நிமிர்த்தித் தலையை இடமும் வலமுமாக வெட்டி வெட்டித் திருப்பும். மடித்திருந்த சிறகுகளைச் சட்டென விரித்துச் சில நொடிகள் அப்படியே நிற்கும். கழுத்தைப் பின்னால் வளைத்து இறகு கோதுவதுபோல் பாவனை செய்யும். ஒரே பக்கத்துக் காலையும் சிறகையும் பின்னுக்கு நீட்டும். நெருக்கியடித்து ஒரு திசையில் நடந்து, திடுமெனத் திரும்பும்; இதுவே அணிநடை. இவற்றில் பாதி, சோம்பல் முறிப்பதும் இறகு கோதுவதும் போன்ற அன்றாட அசைவுகள்தாம். விறைப்பும் மிகையும் ஏறியதால் அவை சைகைகளாகிவிட்டன. சிறகு விரியும் அந்தக் கணத்தில் மட்டும், வெளிறிய உடலுக்குள் ஒளிந்திருந்த செந்நிறமும் ஓர இறகுகளின் கருமையும் பளிச்சிடும்.

இதைக் கூட்டத்தின் ஒத்திகையாகப் பார்ப்பது பழைய விளக்கம்: ஆயிரக்கணக்கான பறவைகளை ஒரே நேரத்தில் முட்டையிட ஆயத்தப்படுத்துவதே இதன் வேலை என்பார்கள். இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. உயிரியல் பூங்காக்களில் சிறு குழுக்கள் முட்டையிடாமலே ஆண்டுகளைக் கழிப்பதுண்டு; கண்ணாடி வைத்துக் கூட்டத்தைப் பெரிதாகக் காட்டியபோது சிறு பூநாரை இனத்தின் அணிநடை கூடியது. காரணமும் விளங்கக்கூடியதே. பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் இரைக்காக வரும் பெரும் பூநாரை, இந்தியாவில் பெருந்திரளாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண் உவர்நிலத்தில். அங்கே மழைநீர் போதிய அளவு தேங்கும் ஆண்டில்தான் சேற்று மேடுகள் எழும். ஒரு மேட்டில் ஒரே முட்டை, ஏறத்தாழ ஒரு மாத அடைகாப்பு. நீர் வற்றி நரியும் நாயும் நடந்து வருவதற்குள் குஞ்சுகள் வளர வேண்டும். பிந்திய இணைக்கு இடமில்லை.

ஆனால் ஒத்திசைவு மட்டுமே நோக்கமென்றால் எளிய கூச்சலே போதுமே. இத்தனை வகை அசைவுகள் எதற்கு? பிரான்சின் கமார்க் பகுதியில் 1977 முதல் குஞ்சுகளுக்கு வளையமிட்டு வருவதால், ஆடும் பறவையின் வயது தெரியும். 4 முதல் 37 வயது வரையிலான 50 ஆண்களையும் 50 பெண்களையும் ஆய்வாளர் ஷார்லோட் பெரோ குழுவினர் கவனித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். அசைவுகளின் வகையும் அவற்றை மாற்றி மாற்றிக் கோக்கும் திறனும் ஏறத்தாழ 20 வயது வரை வளர்ந்து, பிறகு குறைகின்றன. நுணுக்கமாக ஆடியவையே அந்தப் பருவத்தில் கூடு கட்ட அதிக வாய்ப்புப் பெற்றன. ஆக, ஒரே தாளம்போலத் தெரியும் கூட்டத்துக்குள் ஒவ்வொரு பறவையும் தனித்தனியே எடைபோடப்படுகிறது என்பதே பொருத்தமான வாசிப்பு. கூட்டம் பெரிதாக இருப்பதும் இதற்கு முரணல்ல. ஒப்பிட்டுத் தேரப் பல முகங்கள் வேண்டாமா?

மயிலில் ஆண் ஆடுகிறது, பெண் தேர்கிறது. இங்கோ இரு பாலும் ஒன்றுபோலவே ஆடுகின்றன, பிறகு யார் யாரைத் தேர்வது என்று கேட்கலாம். இரண்டும்தான். அடைகாப்பதும், உணவுக்குழாயில் சுரக்கும் பாலை ஊட்டுவதும் இருவர் பங்கு என்பதால், சோம்பேறித் துணை இருவருக்குமே நட்டம். கமார்க்கில் இணைகள் வயதுக்கு வயது ஒத்திருப்பதும் இதையே காட்டுகிறது. அங்கே 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இணைகள் அடுத்த பருவத்தில் பிரிந்துவிடுவதாக ஆய்வாளர்கள் செசிலியும் ஜான்சனும் 1995இல் கண்டனர். பூங்காக்களில் நீடித்த இணைகள் உண்டு. கமார்க்கின் திறந்த வெளியிலோ தேர்வு ஆண்டுதோறும் புதிது. இதற்காக அலங்காரமும் நடக்கிறது: வாலடிச் சுரப்பியின் எண்ணெயில் உள்ள கரோட்டின் வகை நிறமியை இறகில் பூசிக்கொள்கின்றன என்றும், ஆட்டக் காலத்தில் அந்தப் பூச்சு கூடுகிறது என்றும் ஸ்பெயினில் ஹுவான் அமாட் குழு காட்டியது.

உடல்நலம் மிக்க பறவை நன்றாக ஆடும், கூடும் கட்டும்; ஆட்டம்தான் துணையைத் தந்தது என்று எப்படிச் சொல்வது என்பது கடினமான கேள்வி. பெரோவின் தரவு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. ஆயினும் நலத்தைப் பிசகாமல் காட்டும் ஆட்டமே பார்ப்பவருக்குப் பயன்படும் ஆட்டம். ஆட்டம் துணையைத் தேர்வதற்கே என்பதற்குப் புணர்ச்சி நடக்கும் இடமும் சாட்சி சொல்கிறது. அது ஆட்டத்தின் உச்சத்தில் நிகழ்வதில்லை. பெண் கூட்டத்தை விட்டு விலகி நடக்கிறது, ஆண் பின்தொடர்கிறது. பெண் தலையை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திச் சிறகை விரித்தபின், புணர்ச்சி நிகழ்கிறது.