இரண்டு தலைமுறைகளுக்கு இடையில் ஒரு பாலம்



2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், ஓய்வு நேரத்தில் மாணவன் ஒருவன் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். அவனுடைய தாயாரை நான்கு முறை அழைத்தேன், மணியே ஒலிக்கவில்லை. மாலையில் தோட்டத்திற்குச் சென்றபோது அவர் தம் கைப்பேசியைக் காட்டினார். 4ஜி குறி நிறைவாக இருந்தது. புலனத்தில் உறவினர் அனுப்பிய செய்திகள் வந்திருந்தன. என் அழைப்பு வந்ததற்கான சுவடு மட்டும் இல்லை. "ஃபோன் கையிலேயேதான் இருந்தது, டீச்சர்" என்று அவர் கண் கலங்கினார். அலை இருந்தும் அழைப்பு ஏன் சேரவில்லை என்று அறிய விரும்பினேன். அதன் வரலாற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்த நெகிரி செம்பிலான் தோட்டத்தில் தொலைபேசி என்பது அலுவலகக் கிராணியின் மேசையில் இருந்த ஒன்றுதான். நம் நாட்டில் 1985இல் 'அத்தூர் 450' என்னும் முதல் கைப்பேசிச் சேவை தொடங்கியது. 1989இல் செல்கோமின் 900 மெகாஹெர்ட்ஸ் சேவை வந்தது. இவை ஒப்புமை அலை முறையைச் சேர்ந்தவை. 1995இல் இலக்க முறையான ஜிஎஸ்எம், அதாவது 2ஜி, அறிமுகமானது. பழைய கருவியால் புதிய வலையமைப்பில் பேச இயலாது. ஆகவே, மக்கள் கருவியையே மாற்ற வேண்டியிருந்தது.

2005இல் 3ஜி வந்தபோது நிலைமை மாறியது. அது 2ஜியின் அடித்தளத்தைத் தழுவி எழுந்ததால், பேசிக்கொண்டிருக்கும் அழைப்பை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அறுபடாமல் கைமாற்ற முடிந்தது. 2013இல் வந்த 4ஜியோ தரவை மட்டுமே சுமக்கும் பாதை. பழைய முறைக் குரல் அழைப்புக்கு அதில் இடமில்லை. ஆதலால், அழைப்பு வரும்போது 4ஜி கோபுரம் கைப்பேசியை 3ஜிக்கோ 2ஜிக்கோ இறக்கிவிடும். பேசி முடிந்ததும் கைப்பேசி மீண்டும் 4ஜிக்கு ஏறிக்கொள்ளும்.

நம் கிம்மாஸ் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள், மின்சார ரயிலில் வந்தவர்கள் அங்கே இறங்கி, ஜொகூருக்குச் செல்லும் டீசல் ரயிலில் ஏறினார்கள். எந்த மேடையில் எந்த வண்டி நிற்கும் என்று சரியாக அறிவித்தால்தான் பயணம் தொடரும்.

கைப்பேசி வலையமைப்பிலும் பொறியாளர்கள் இத்தகைய அறிவிப்புகளைப் பதிந்து வைக்க வேண்டும். 4ஜி கோபுரத்தின் அருகே எந்தப் பழைய கோபுரங்கள் எந்த அலைவரிசையில் இயங்குகின்றன என்ற பட்டியல் முதலாவது. 4ஜி வட்டாரம் ஒவ்வொன்றும் பழைய வலையமைப்பின் எந்த வட்டாரத்தோடு பொருந்தும் என்ற இணைப்பு இரண்டாவது. அலை எவ்வளவு மங்கினால் கைமாற வேண்டும் என்ற வரம்பு மூன்றாவது. இவற்றில் ஒன்று தவறினாலும் கைப்பேசி இல்லாத மேடையைத் தேடி அலையும், அழைப்பு அறுந்துபோகும்.

2020இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டத்தின்படி, 2021 இறுதிக்குள் 3ஜி சேவை படிப்படியாக மூடப்பட்டது. அந்த அலைவரிசைகளை 4ஜிக்குப் பயன்படுத்துவதே நோக்கம். நல்ல நோக்கம்தான். 4ஜியிலேயே குரலைச் சுமக்கும் 'வோல்ட்டி' வசதியுள்ள கருவிகளுக்குச் சிக்கலில்லை. அவ்வசதியற்ற மலிவுக் கருவிகளுக்கு 2ஜி ஒன்றே புகலிடமாக இருந்தது. அந்தத் தாயாரின் கருவி இத்தகையதே. கோபுரப் பராமரிப்புக்கு வந்த இளைஞர் ஒருவர், அங்குள்ள கோபுரத்தின் பட்டியல் இன்னும் மூடப்பட்ட 3ஜியையே காட்டிக்கொண்டிருந்தது என்றார். சில நாள்களில் அது திருத்தப்பட்டது. அழைப்புகளும் வரத் தொடங்கின.

2021 டிசம்பரில் நம் நாட்டில் அறிமுகமான 5ஜியும் முதலில் 4ஜியின் தோளில் சாய்ந்தே இயங்கியது. ஒவ்வொரு புதிய தலைமுறையும் பழையதன் துணையோடுதான் நடை பயில்கிறது.

பெற்றோர்களே, உங்கள் கைப்பேசியில் வோல்ட்டி வசதி உள்ளதா, அது இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். பள்ளியில் இரண்டு எண்களையாவது கொடுத்து வையுங்கள். ஆசிரியர்களே, அழைப்பு சேரவில்லையென்றால் புலனத்திலும் ஒரு செய்தி அனுப்புங்கள்; அன்று அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியர் கல்விக் கழகத்தில் நமக்குக் கற்பித்தார்கள். பழைய பாதையை மூடுமுன், அதில் இன்னும் யார் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதியே.