பாலாறும் நம் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும்: கொஞ்சம் வரலாறு

பதிவு சற்று நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"சார், இத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்பாகவே இருக்கிறது?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வழியாக வயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஓடிய ஊற்றுத்தான் நம் கிணறுகளை நிரப்பியது.

அந்தக் காலத்தில் தோலைப் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைக் கொண்டுவந்தார். 1970-களில் அரை பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதும் பதனிட்டு விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. செலாவணி வந்தது. குரோமும் உப்பும் கலந்த கழிவுநீர் நம் மண்ணில் தங்கியது.

1991-இல் வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்ன கணக்கு அத்தீர்ப்பிலேயே இருக்கிறது: தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கோட்பாடு இந்த நாட்டின் சட்டத்தில் ஊன்றியதில் இந்த வழக்குக்குப் பெரிய பங்குண்டு. இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்கிறார்கள். நம் ஊர் வழக்கு அது, பிள்ளைகளே!

ஒவ்வொரு தோல் கம்பெனிக்கும் 10,000 ரூபாய் அபராதம். தனியாகவோ பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் இல்லாவிட்டால் மூடல். நம் பகுதியின் பொது நிலையங்களுக்கு வேகம் கொடுத்தது இதுதான்.

இனி மாணவரின் கேள்விக்கு வருகிறேன். அந்த நிலையத்தில் கழிவுநீரை முதலில் வடிகட்டுவார்கள். பிறகு சுண்ணாம்பு, படிகாரம் போன்றவை சேர்த்துக் கசடைப் படிய வைப்பார்கள். அடுத்து காற்றை ஊதி, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்ன வைப்பார்கள். ஆனால் உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு ஊறவைக்கும்போதே நீரில் கரைந்துவிடுகிறது. அதைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கலனும் வேண்டும். மின்சாரச் செலவு அதிகம். அப்படிப் பிரித்த பிறகும் உப்பு மூட்டையாகவும் கசடு குவியலாகவும் நிற்கும். சுத்திகரிப்பு நிலையம் அழுக்கை மாயமாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. மாற்றிய இடத்தைக் காப்பது யார் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு 2015 ஜனவரி 31 அன்று கொடுமையான பதில் கிடைத்தது. ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்தது. பக்கத்துக் கம்பெனியில் உறங்கிய தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்கக் கட்டியது ஆளைக் கொன்றது.

2001-இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தார்கள். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதுவும் எல்லோர் கைக்கும் முழுமையாய்ப் போய்ச் சேராமல், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். அன்று மனுக் கொடுத்த விவசாயிகளில் எத்தனை பேர் இன்று இருப்பார்கள்?

தோல் தொழிலை மூடு என்று நான் சொல்லவில்லை. என்னிடம் படித்த பலர் வீட்டில் அடுப்பெரிந்ததும், பள்ளிக் கட்டணம் கட்டியதும் அந்தச் சம்பளத்தில்தான். இன்று உங்களில் சிலர் அங்கே மேற்பார்வையாளராகவும் வேதியியலாளராகவும் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. உங்கள் நிலையத்தின் கசடு எங்கே போகிறது, தொட்டி எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். கேட்கும் பதவியில் இருக்கிறீர்கள்.

அவரவர் ஊர்க் கிணற்று நீர் இப்போது எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.