ஓடு மாற்றும் காலம்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, சேர்வராயன் மலையைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். ஏரி, படகு, மே மாதக் கோடைவிழா ஆகியவற்றை அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எழுத எடுத்துக்கொண்டதோ கூரை. ஏற்காட்டில் ஓட்டு வேலை செய்த ஒருவரின் மகன் நான். எனக்குத் தெரிந்த வரலாறு மேலிருந்து சொட்டிய வரலாறுதான்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் வீட்டுப் பராமரிப்பைப் பேசுவது தகுமா என்று ஐயுறத் தேவையில்லை. நக்கீரர் நெடுநல்வாடையில் செய்திருப்பது ஒருவகையில் அதுதான். கூதிர்காலம் வந்ததும் ஒரு நகரத்து வீடு என்னவாகிறது என்பதை அவர் அறை அறையாகக் காட்டுகிறார். விசிறி பயனின்றித் தொங்குகிறது; அதில் சிலந்தி நூல் கட்டுகிறது. சாளரங்கள் அடைபடுகின்றன. தண்ணீரை விரும்புவார் இல்லை. தீச்சட்டியைச் சுற்றி இளையோரும் முதியோரும் கூடுகின்றனர். அரசியின் பிரிவைச் சொல்ல வந்த புலவர் அதற்கு முன்னால் வீட்டைச் சொன்னார். ஆண்டில் பாதி நாள் மூடுபனியில் கழியும் மலைவீட்டில் வளர்ந்த எனக்கு, அந்தப் பாட்டைக் கல்லூரியில் பாடமாகப் படித்தபோது எங்கள் அடுக்களையை யாரோ எட்டிப் பார்த்தது போலிருந்தது.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இம்மலையில் முதலில் கூரை வேய்ந்தவர்கள் மலையாளி மக்கள். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர் புறப்பட்டதாகவும், பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் சென்றதாகவும் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் தொகுதிகளில் பதிந்திருக்கிறார். அவர்களுடைய பழைய வீட்டில் மூங்கில் தட்டிச் சுவர், அதன்மேல் மண்பூச்சு, சாணமிட்டு மெழுகிய தரை, புல்வேய்ந்த கூரை. அடுப்புப் புகை வெளியேறத் தனியே வழி கிடையாது; புல்லின் இடுக்குகளில் கசிந்துதான் போகும்.

அந்தப் புகையைக் குறையென்று எண்ணியவர் பலர். உண்மையில் அந்த வீட்டை நிறுத்தியதே அதுதான். நாள்தோறும் காலையும் மாலையும் எழும் புகை மூங்கிலை உலர்த்தும். உளுத்துப் போகாமல் காக்கும். புல்லில் பூச்சி அடையவிடாது. மனிதர் சமைத்து உண்ணும் வரையில் கூரை நிற்கும். வீட்டார் ஓராண்டு வெளியூர் போனால் கூரையும் போய்விடும். மனை என்ற சொல்லிலிருந்து மனைவியும், இல் என்ற சொல்லிலிருந்து இல்லாளும் பிறந்ததைப் பாராட்டி நாம் பேசுவதுண்டு. அந்த இல்லாள் கண்ணெரிய ஊதிய அடுப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலேயர் வருகை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் செய்தி. 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்குக் காப்பியைப் பயிராக்கினார்; பேரி முதலிய பழமரங்களையும் கொண்டுவந்தார். தோட்டத்தைத் தொடர்ந்து பங்களா வந்தது. மலையிலேயே கிடைக்கும் கருநிற சார்னோக்கைட் கல்லால் தடித்த சுவர், உள்ளே கணப்பு, மேலே புகைபோக்கி. சென்னைப் பட்டணத்து வெயிலுக்கு அஞ்சிய குடும்பங்கள் ஏப்ரலில் ஏறி, மழை வலுக்கும் முன் இறங்கின.

இலக்கிய வட்டத்தார் நினைவில் கொள்ள வேண்டிய ஒருவர் அப்படி ஏறி வந்து, இறங்காமலே இருந்துவிட்டார். அவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். 1855-இல் சென்னையில் ‘தினவர்த்தமானி’ இதழைத் தொடங்கியவர். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-இல் நூலாக்கியவர். 1882-இல் அவர் மறைந்தது ஏற்காட்டில். அவருடைய மருமகன் இராபர்ட் புரூஸ் பூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வழிதிறந்த நிலவியலாளர். பணி ஓய்வுக்குப் பின் அவரும் இங்கேயே குடியிருந்தார். அவர் சேகரித்த கருவிகளை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. கற்கருவிக்கு ஈரம் ஒரு பொருட்டன்று. ஆனால் மாமனாரின் தாள்களும் நூல்களும்? ஜூலையில் அலமாரிக்குள் வைத்த செருப்பிலேயே பூஞ்சணம் பூக்கும் ஊர் இது. அந்தத் தாள்களை வெயில் அடிக்கும் நேரம் பார்த்துத் திண்ணையில் உலர்த்தி, மழை தூறியதும் ஓடி வந்து உள்ளே எடுத்துவைத்த வேலைக்காரப் பெண் ஒருத்தி இருந்திருப்பாள் என்று நான் நம்புகிறேன். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், ஈரம்தான் ஆதாரம்.

மலைக்குச் சீமை ஓடு வந்த கதை இன்னும் சுவையானது. பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பின்னர்க் கோழிக்கோட்டிலும் பேரோக்கிலும் சூளைகள் எழுந்தன. நம் நாட்டு ஓடு பாதிக் குழாய் போன்றது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்குவது. மங்களூர் ஓடு தட்டையானது, விளிம்பில் வரிப்பள்ளம் உடையது, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வது. எண்ணிக்கை குறைவாகப் போதும் என்பதால் கூரையின் பாரமும் குறையும். 1862-க்குள் சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர் வரை இருப்புப்பாதை போடப்பட்டுவிட்டதால், மேற்குக் கரையின் செம்மண் சேலம் வந்து இறங்க வழி இருந்தது. அங்கிருந்து மலைக்கு? வண்டிப்பாதை அமையும் முன் எல்லாச் சுமையும் தலையிலும் மட்டக்குதிரை முதுகிலும்தான் ஏறியது. ஓர் ஓட்டின் எடை இரண்டு முதல் மூன்று கிலோ. சிறிய வீட்டுக்கே ஆயிரத்தைந்நூறு ஓடு வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் காரில் கடந்து, தலை சுற்றுகிறது என்று சொல்லும் நண்பர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்கு மலையில் மூன்று பகைவர். முதலாவது பாசி. ஓடு ஈரத்தை உறிஞ்ச, அதில் பாசி படர்ந்து பூட்டுப் பள்ளத்தை நிரப்பும். வெளியே வழிய வேண்டிய நீர் பின்வாங்கி உள்ளே இறங்கும். இரண்டாவது, காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் சருகு. இரண்டு சரிவுகள் கூடும் இடத்துத் தகரத்தில் அது அடைந்துகொண்டால் ஒரே இரவில் அறை குளமாகும். மூன்றாவது குரங்கு. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் மலரில் மற்றவர்க்கு இடமிராது.

ஆகவே ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில், காப்பியைப் பூக்க வைக்கும் கோடைமழை ஓய்ந்து, தென்மேற்கு மழை தொடங்கும் முன், ஓடு மாற்றுதல் நடக்கும். மாற்றுதல் என்றால் புதியது போடுவதன்று. முகட்டிலிருந்து வரிசை வரிசையாகப் பிரித்து, கீழே இறக்கி, தேங்காய் நாரால் பாசி தேய்த்து, விரலால் தட்டிப் பார்த்து, மீண்டும் அடுக்குவது. நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். மயிரிழை விரிசல் உள்ளது பொத்தென்று சொல்லும். பிரித்த நாளில் ரீப்பர் சட்டங்களைக் கறையான் தின்றிருக்கிறதா என்று பார்த்துத் தார் பூசுவார்கள். முகட்டு ஓட்டைச் சுண்ணாம்புக் கலவையால் பதிப்பதே கடைசி வேலை. அந்தக் கலவையில் கடுக்காய் நீரும் வெல்லமும் எவ்வளவு என்பது என் தந்தையாருக்கு மட்டுமே தெரியும். கேட்டால், “கை சொல்லும்” என்பார்.

பங்களாக்களை முடித்த பின்பே அவர் தம் வீட்டுக்கு வருவார். ஊரெல்லாம் ஓடு மாற்றியவர் வீட்டில்தான் ஜூன் மழைக்கு முதலில் ஒழுகும். எந்தச் சொட்டுக்கு எந்தப் பாத்திரம் என்பது என் தாயாருக்கு மனப்பாடம்: தொட்டிலுக்கு மேலே சொட்டுவதற்கு ஈயச்சட்டி, அரிசிப் பானைக்கு அருகே பித்தளைக் குண்டான். பாத்திரம் நிரம்புவதை ஒலியாலேயே அறிந்து, உறக்கத்திலிருந்து எழுந்து மாற்றிவிட்டுப் படுப்பார்.

சேலம் மாவட்டத்தைப் பற்றி லெ ஃபனு 1883-இல் தொகுத்த கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் வெளியிட்ட விவரச் சுவடியும் அரிய நூல்கள். மலையின் வரலாற்றை எழுத முனைவோர் அவற்றை ஒதுக்க முடியாது. ஆட்சியர் பெயரும் தோட்டப் பெயரும் அவற்றிலிருந்துதான் நமக்குக் கிடைக்கின்றன. ஆண்டில் ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்த பங்களாக்களை உயிரோடு வைத்திருந்த காவல்காரக் குடும்பங்களின் வரலாற்றை அத்தகைய நூல்களில் தேடுவது வீண். அவற்றின் நோக்கம் வேறு. ஆளில்லாத வீட்டில் வாரம் ஒருமுறை கணப்பை மூட்டுவது அந்தக் குடும்பத்துப் பெண்களின் வேலை. குளிர்காய அன்று, உத்தரம் உலர. மலையாளி வீட்டின் புகைப் பாடத்தை வெள்ளைக்காரர் வீடும் இவ்வாறு கற்றுக்கொண்டது.

1974-இல் ஒரு பங்களாவின் கூரையிலிருந்து என் தந்தையார் விழுந்தார். உளுத்துப் போன ஒரு சட்டம். தார் பூச வேண்டுமென்று அவரே முந்திய ஆண்டு சொல்லி, செலவு மிகுதி என்று மறுக்கப்பட்ட சட்டம். அந்த வீட்டின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. இடுப்பு கூடிய பிறகும் அவர் ஏணி ஏறவில்லை. ஏணியடியில் நாற்காலி போட்டமர்ந்து, மேலே இருப்பவர் தட்டும் ஓட்டின் ஒலியைக் கேட்டு, “அதைத் தள்ளு” என்பார். மேலே இருந்தவன் நான்.

பின்னர் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். முதலில் குடியிருந்தது திருவல்லிக்கேணியில், மெட்ராஸ் டெரஸ் போட்ட ஒரு பழைய வீட்டில். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகப் பதித்து, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் கொட்டி, நாட்கணக்கில் பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பாவிய தளம் அது. அங்கும் கடுக்காய், அங்கும் வெல்லம். மலையின் சாய்ந்த கூரை நீரை ஓடவிடுகிறது. பட்டணத்தின் தட்டைத் தளம் நீரைத் தாங்கி வெயிலுக்குக் கொடுக்கிறது. இரண்டுக்கும் ஆண்டுக்கொருமுறை ஆள் ஏறியாக வேண்டும். இப்போது நான் இருக்கும் அடுக்ககத்தில் மேலே ஏறுவதற்கே வழியில்லை. மாடிக்கதவின் சாவி சங்கத்திடம். ஒழுக்கு வந்தால் அது மேல்வீட்டுக் குளியலறையின் ஒழுக்கு. பாத்திரம் வைப்பதற்குப் பதில் கடிதம் எழுதுகிறோம்.

மலையும் மாறிவிட்டது. 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், 2010-இன் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இன் பசுமை வீடுகள் திட்டம் என்று நாட்டின் சிற்றூர்களுக்கெல்லாம் காங்கிரீட் தளம் வந்தது. பசுமை வீட்டின் அளவு 300 சதுர அடி. புல் வேய்வதற்குப் புல்லும் ஆளும் கிடைக்காத காலத்தில் இதைக் குறை சொல்பவன் நான் அல்லன். ஈரத் தரையில் பிள்ளை பெற்றவர்களிடம் மரபின் அழகைப் பேசுவது முறையாகாது. எரிவாயு அடுப்பு வந்ததால் பெண்களின் கண்ணும் நெஞ்சும் பிழைத்தன. ஆனால் ஓட்டு வீடுகளில் அதோடு புகை நின்றது. கைமரங்களில் வண்டு துளைத்த மாவு உதிரத் தொடங்கியது. நான் சொல்லும் இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சி.

எங்கள் வீட்டிலும் அது உதிர்ந்தது. தாயார் இறந்தபின் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஓட்டைப் பிரித்துவிட்டு வண்ணத் தகரம் போடலாம், பத்தாண்டுக்குக் கவலையில்லை என்று அண்ணன் சொன்னார். தகரத்தின் மேல் மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேளாது என்றேன். “அங்கே பேச யார் இருக்கிறார்கள்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கு விடை வரவில்லை.

இந்த ஏப்ரலில் மகளை அழைத்துக்கொண்டு மலையேறினேன். ஓடு மாற்றத் தெரிந்தவர் என்று ஊரில் ஒருவரே கிடைத்தார். அவருக்கும் முழங்கால் வலி. ஏணி ஏறியவள் மகள்தான். அடுக்ககத்தில் பிறந்த பெண். கூரையைக் கையால் தொட்டது அன்றுதான் முதல்முறை. நான் கீழே நாற்காலியில் அமர்ந்தேன். ஆயிரத்துச் சில்லறை ஓடுகளில் எழுபத்தாறைத் தள்ளினோம். மாற்று ஓடுகள் சேலத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து கிடைத்தன. முகட்டுக் கலவைக்குச் சிமெண்டுதான். அன்று மாலை அவள் குடம் குடமாக மேலிருந்து நீர் ஊற்ற, நான் உள்ளே நின்று பார்த்தேன். தொட்டில் தொங்கிய வளையத்துக்கு நேர் மேலே மட்டும் ஒரு சொட்டு. பரணில் ஈயச்சட்டி இருந்தது. எடுத்து அங்கே வைத்துவிட்டு இறங்கினோம்.