படங்கும் ஓர் உடுப்புத்தான்

அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு தொடங்கி ஒரு போட்டி நடக்கிறது. பள்ளி மாணவர்கள் டக்ட் டேப்பாலேயே கவுன், கோட், தொப்பி, கைப்பை என்று செய்து, அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்ப வேண்டும். வெல்பவருக்குப் படிப்புச் செலவுக்குப் பணம். அந்தப் படங்களை நாங்களும் வாய் பிளந்து பார்த்தோம். பிறகுதான் யோசித்தோம்: உடுப்புக்கென்று செய்யாத பொருளை உடுப்பாக்குவது நமக்கென்ன புதுசா?

முதலில் டேப்பின் கதை. இரண்டாம் உலகப் போர் நேரம் இலினோய் மாநிலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வெஸ்டா ஸ்டௌட் என்ற பெண் வேலை செய்தார். அவரது மகன்மார் கடற்படையில். தோட்டாப் பெட்டிகளை ஒட்டிய காகித டேப், அவசரத்தில் இழுத்தால் கிழிந்துபோகும். துணி டேப் போட்டால் என்ன என்று கேட்டு 1943இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் இந்த டேப். மேலே பொலித்தீன், நடுவில் துணி வலை, கீழே பசை. சொல்லப்போனா, அதுவும் தண்ணி புகாத ஒரு துணிதான்.

இனி நம்ம பக்கம் வருவோம். நாலந்தாவிலிருந்து மாத்தளைக்குப் போய், அங்கிருந்து றத்தோட்டை, எல்கடுவைப் பக்கம் மலை ஏறினால், கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டியிருப்பதைக் காணலாம். தேயிலைச் செடிக்கு நடுவே நடந்தால் கவ்வாத்து வெட்டிய குச்சி காலைக் கிழிக்கும், பனி சேலையை நனைக்கும், அட்டை ஏறும். இதுக்கெல்லாம் மறைப்புத்தான் படங்கு. முன்பு சணல் சாக்கு, பிறகு உரச்சாக்கு. உரச்சாக்கும் டேப் மாதிரித்தான்: பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்கு, உள்ளே பொலித்தீன் உறை. மழை உள்ளே வராது. வியர்வை வெளியே போகாது.

அதுக்கும் முன்னால் கம்பளி இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். தப்பி வந்தவர்களுக்கு மலைக் குளிர் புதுசு. தோட்டத்தில் ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார்கள். சும்மா இல்லை, அதன் விலையைக் கணக்கில் எழுதிச் சம்பளத்தில் கழித்தார்கள். இரவில் போர்வை, பகலில் தலையோடு மடித்துப் போட்டால் மழைக்கோட்டு. உழைக்கப் போட்ட உடுப்பே கடனாகவும் இருந்தது.

அமெரிக்காவிலும் 1930களின் பொருளாதார மந்தத்தில் ஏழைப் பெண்கள் மாவுச் சாக்கில்தான் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்தார்கள். அதைக் கண்ட மாவுக் கம்பனிகள் பூப்போட்ட சாக்குகளை அச்சடித்து விற்றன. வியாபாரத் தந்திரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சாக்கை ஒரு பெண் உடுத்துகிறாள் என்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள். நம்ம உரச்சாக்கில் பூ வரவில்லை. தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணுக்குப் பளிச்சென்ற சேலை உண்டு, பெரும்பாலும் படங்கு இல்லை.

படங்கைக் "கைத்திறன்" என்று மட்டும் புகழ எங்களுக்கு மனம் வரவில்லை. டேப் கவுன் செய்யும் பிள்ளை விரும்பிச் செய்கிறது, ஒரு நாள் போடுகிறது. அம்மாயிமார் வேறு வழியில்லாமல் கட்டினார்கள், ஆயுள் முழுக்கக் கட்டினார்கள். வேலைக்கேற்ற உடுப்பைக் கொடுப்பது வேலை வாங்குகிறவரின் பொறுப்பு. அது கிடைக்காத இடத்தைத்தான் சாக்கு மறைத்தது.

2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள், நம்ம ஊர் ரோட்டிலும்தான். அந்த வரலாற்றைப் பேசும்போது கப்பலையும் பாதையையும் பேசுகிறோம். கம்பளியையும் படங்கையும் சேர்த்துப் பேசுவோம். வீட்டில் அம்மாயி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: முதல் படங்கை எதில் கட்டினீங்க? அதுக்கு யார் காசு கொடுத்தது?