தமிழ் மேடையில் இரசாயனம்

இரசாயனம் ஆய்வுக்கூடத்தில் வளர்வதாயினும், மன்றத்தில் மக்கள் முன் பேசப்படும்போதே அது பொதுச் செல்வமாகின்றது. 1812-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்டோருள் ஒருவர், புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பாரடே என்னும் இளைஞர். அவரே 1825-இல் பென்சீனைக் கண்டறிந்தார். பின்னர், எரியும் மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டே சிறுவர்க்கு இரசாயனத்தை விளக்கினார்.

அத்தகைய பேச்சு தமிழில் நிகழ வேண்டுமாயின், அதற்குரிய சொற்கள் வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிரீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875-இல் வெளிவந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டு, கலைச்சொற்களுக்கென்றே ஓர் இதழும் நடத்தினர். சட்டம் பயின்றவரான இராஜாஜியே பின்னர் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார்.

புத்தூரில் வாழும் நம் பிள்ளைகள் இவ்வறிவைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பெறுகின்றனர். அது தக்கதே. ஆயினும், புளியிட்டுத் துலக்கிய பித்தளை பளபளப்பது ஏன் என்று அன்னை வினவினால், புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கின்றது எனத் தாய்மொழியில் விடை கூறவியலாத கல்வி குறையுடையதேயன்றோ?

1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் அண்மையில் திருப்பதியிலேயே உள்ளது. அங்குப் பயிலும் நம் இளைஞர் ஆண்டுக்கொரு முறையேனும் நம் சங்க மேடையில் இரசாயனம் பேச நாம் வழி செய்வோமாக. முன்னோர் தேடித் தந்த சொற்கள் நாவில் வழங்கினாலன்றி வாழா.